முகத்துவார மணல்: தோண்டுவதா, பம்ப் வைப்பதா, வாயையே மாற்றுவதா?

முகத்துவாரம் தூர்ந்துபோனால் உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, ‘எத்தனை மீட்டர் தோண்டுவது, எவ்வளவு ஆகும்?’ என்பதுதான். படகுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கும்போது வேறு எதுவும் பேசத் தோன்றாது. டெண்டர் விடுவார்கள், தூர்வாரும் கப்பலான டிரெட்ஜர் வரும், படம் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த காற்றுப் பருவத்தில் மணல் திரும்ப வந்து உட்காரும். அப்புறம் மறுபடி அதே கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு முன்பு யோசிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். ஒரு முகத்துவாரத்தைக் கையாள ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாமே எங்காவது வேலை செய்கின்றன, எல்லாமே எங்காவது தோற்றும் இருக்கின்றன. தோற்ற இடங்களைப் பார்த்தால் கணக்குப் பிழையைவிட அதிகம் தென்படுவது இதுதான்: ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையை யார் செய்வது, யார் பணம் தருவது என்று முடிவாகும் முன்பே கல்லைக் கொட்டிவிட்டார்கள்.

முதலில் இரண்டு எண்கள்

அலை கரைக்கு நேராக வந்து மோதுவது அபூர்வம். சாய்வாக வந்து உடையும். உடையும் இடத்தில் கிளம்பும் மணலைக் கரையோரமாகவே ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகும். காற்றுப் பருவம் மாறினால் திசையும் மாறும். ஓராண்டில் வடக்கே போனதையும் தெற்கே போனதையும் கூட்டினால் மொத்த ஓட்டம். கழித்தால் நிகர ஓட்டம். வாய்க்கால் எவ்வளவு வேகமாகத் தூரும் என்பதைப் பெரும்பாலும் மொத்த ஓட்டம் சொல்லும். எந்தக் கரை அரிக்கும் என்பதை நிகர ஓட்டம் சொல்லும். வடக்கே 3 லட்சம் கன மீட்டர், தெற்கே 2.5 லட்சம் கன மீட்டர் போகும் கடற்கரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிகரம் வெறும் 50,000. ‘இங்கே மணல் ஓட்டம் குறைவு’ என்று அறிக்கை எழுதிவிடலாம். வாய்க்காலோ ஐந்தரை லட்சத்துக்கு நடுவில் நிற்கிறது. அறிக்கையில் எந்த எண் இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது எண், ஒரு ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள், வாய்வழியே உள்ளே புகுந்து வெளியேறும் தண்ணீரின் அளவு. முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது இந்தத் தண்ணீர்தான். வாயின் குறுக்குவெட்டுப் பரப்புக்கும் இந்த அளவுக்கும் ஒரு நிலையான உறவு இருப்பதை மோரோ ஓப்ரயன் 1931இல் அமெரிக்கப் பசிபிக் கரை முகத்துவாரங்களை வைத்துக் காட்டினார். சுவர் இல்லாத மணல் வாய்க்கு அவருடைய சூத்திரத்தைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே 2 சதுர கிலோமீட்டர் காயல், ஓதம் அரை மீட்டர் என்றால், புகுந்து வெளியேறுவது 10 லட்சம் கன மீட்டர். அதற்கு ஏற்ற வாய் ஏறக்குறைய 65 சதுர மீட்டர்: 30 மீட்டர் அகலம், 2 மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஆழம், அவ்வளவுதான். ‘60 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் வேண்டும்’ என்று தீர்மானம் போட்டுத் தோண்டலாம். தண்ணீர் அந்த அகன்ற வாயில் மெதுவாக நகரும், மணலைத் தள்ள வேகம் இருக்காது, வாய் தன் பழைய அளவுக்கே சுருங்கும். தீர்மானம் மன்றத்தைக் கட்டுப்படுத்தும், ஓதத்தைக் கட்டுப்படுத்தாது.

டென்மார்க்கைச் சேர்ந்த பெர் புரூன் இன்னும் எளிய ஒரு சோதனை சொன்னார். ஓதத் தண்ணீரின் அளவை ஆண்டின் மொத்த மணல் ஓட்டத்தால் வகுக்க வேண்டும். விடை 150க்கு மேல் போனால் வாய் நன்றாகத் திறந்திருக்கும். 20க்குக் கீழே வந்தால் அது வெள்ளம் வரும்போது மட்டும் திறந்து, மற்றபடி அடைபட்டுப் போகிற வாய். மேலே சொன்ன காயலில் மணல் ஓட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் கன மீட்டர் என்று வைத்தால் விடை 10. அந்த இடத்துக்கு ‘நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், எத்தனை ஆண்டுச் செலவைச் சேர்த்திருக்கிறார் என்று கேளுங்கள்.

பொக்லைன் போதும் என்கிற இடங்கள்

விடை சிறிதாக இருக்கும் காயல்களில் வாயை எப்போதும் திறந்தே வைக்கப் போராடுவது வீண் செலவு. தேவைப்படும்போது திறந்தால் போதும். சிட்னிக்கு வடக்கே நாரபீன் காயலில் உள்ளாட்சி இப்படித்தான் செய்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாயில் சேர்ந்த மணலை வாரி, லாரியில் ஏற்றி, அரிப்பு உள்ள பக்கத்துக் கடற்கரையில் கொட்டுகிறார்கள். இடையில் மழை பெய்து காயல் குறிப்பிட்ட மட்டத்துக்கு ஏறினால் இயந்திரத்தை வைத்து வாயை வெட்டிவிடுகிறார்கள். கேரளத்தில் தோட்டப்பள்ளிப் பொழியை (மணல் அடைத்த வாயை) மழைக்காலத்தில் வெட்டுவதும் இந்த வகைதான். குட்டநாட்டு வெள்ளம் வடிய வேண்டும்.

இதில் கைப்பக்குவம் இருக்கிறது. முதலில் காயல் பக்கத்திலிருந்து வாய்க்காலை வெட்டிக்கொண்டு வந்து, கடலோரம் சில மீட்டர் மணலை அணைபோல விட்டுவைக்க வேண்டும். கடல் உச்ச ஏற்றத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து அதை உடைக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆறு மணி நேரமும் கடல் மட்டம் இறங்கிக்கொண்டே போகும், காயலுக்கும் கடலுக்கும் இடையே சரிவு கூடும், தண்ணீரே மணலை அரித்து வாயை அகலப்படுத்தும். முதலில் இரண்டு பக்கெட் அகலத்துக்கு வெட்டிய கால்வாயின் கரைகள் பிறகு தாமாகவே சரிந்து விழும். இயந்திரத்தைப் பின்னால் எடுப்பதுதான் அவசரமான வேலை. காயல் மட்டம் ஏறுவதற்கு முன்பே அவசரப்பட்டு வெட்டினால் ஓட்டம் பலவீனமாக இருக்கும், சில நாளில் அடைபடும். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று பயந்து யாராவது இரவோடு இரவாக மண்வெட்டியால் வெட்டிவிடுவதில் இந்தச் சிக்கல் உண்டு. மீன் சாவும் இங்கே ஒரு ஆபத்து: மேல்மட்ட நல்ல தண்ணீர் வேகமாக வடிந்து, அடியில் ஆக்சிஜன் இல்லாத தண்ணீர் மட்டும் தங்கிவிடும்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் இது மிகவும் மலிவு. ஆனால் நாள்தோறும் படகு போய்வரும் வாய்க்கு இது உதவாது. எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதை மழைக்கு முன்பே எழுதி, அனுமதியும் வாங்கி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு கோப்பு நகர்த்தினால் கோப்பும் நனையும்.

டிரெட்ஜரை வாடகைக்கு எடுப்பது

பெரும்பாலான உள்ளாட்சிகள் வந்து நிற்கும் வழி இது. நல்ல வழிதான். விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு டெண்டர் விட வேண்டும்.

செலவில் பெரிய பங்கு கப்பலையும் குழாய்களையும் கொண்டுவந்து இறக்கித் திரும்ப எடுத்துப்போவதற்கே ஆகும். 50,000 கன மீட்டர் தோண்டினாலும் 2 லட்சம் தோண்டினாலும் அந்தத் தொகை பெரிதாக மாறாது. அதனால் ஆண்டுக்கு ஒரு சின்ன டெண்டர் விடுவதைவிட, பக்கத்து முகத்துவாரங்களோடு சேர்ந்து ஒரே கப்பலை வரிசையாக ஓட்டுவது லாபம். பக்கத்து ஊரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது மணல் அள்ளுவதைவிடக் கடினமான வேலை என்பது வேறு விஷயம்.

எந்தக் கப்பல் என்பதும் முக்கியம். வெட்டி உறிஞ்சும் டிரெட்ஜர் காலூன்றி நின்று, குழாய் வழியே மணலைக் கரைக்கு அனுப்பும். உள்ளே அமைதியான தண்ணீரில் அதற்கு நிகர் இல்லை. வாய்க்கு வெளியே அலையில் அதன் கால்கள் தாங்காது. தன் வயிற்றில் மணலை நிரப்பிக்கொண்டு ஓடும் ஹாப்பர் டிரெட்ஜர் அலையில் நிற்கும், ஆனால் நிறைந்த பிறகு மிதக்க ஆழம் வேண்டும். சிறு முகத்துவாரங்களில் அந்த ஆழம் இருக்காது. குறைந்த ஆழத்தில் ஓடும் ஹாப்பர்கள் குறைவு, அவற்றுக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். கிடைக்கிற கப்பலுக்கு ஏற்ப வேலையை எழுதிவிட்டு, வாய்க்கு வெளியே கடலில் இருக்கும் மணல்திட்டு (வெளித்திட்டு) அப்படியே நிற்கிறதே என்று அப்புறம் வருந்துவது வழக்கமாக நடக்கிறது.

இந்த வழியின் பெரிய பலவீனம் நேரம். டெண்டர், அனுமதி, கப்பல், நல்ல வானிலை நான்கும் ஒன்றுகூடுவதற்குள் வாய் மூடிவிடும். கேரளத்தின் முதலப்பொழியில் 2025 ஏப்ரலில் அப்படி வாய் முழுவதும் அடைபட்டு, மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வேறு மாவட்டத்திலிருந்து டிரெட்ஜர் வர வேண்டியிருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட்டால் கப்பல்காரர் சொன்னதே விலை. பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ‘ஆழம் இத்தனை மீட்டருக்குக் கீழே வந்தால் இத்தனை நாளுக்குள் வர வேண்டும்’ என்று எழுதுவது இதற்கு ஓரளவு மருந்து.

சொந்த டிரெட்ஜர்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஹில்ஸ்போரோ முகத்துவாரத்துக்கென்றே 1957இல் சட்டத்தால் உருவான ஒரு தனி மாவட்ட அமைப்பு இருக்கிறது. அதற்கு வேலை ஒன்றுதான்: அந்த வாய். சொந்தமாக டிரெட்ஜர் வைத்துக்கொண்டு, வாயில் சேரும் மணலைத் தெற்குக் கரைக்குத் தள்ளுகிறது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் ஓட்டுகிறார்கள், இல்லாத நாளில் நிறுத்துகிறார்கள். யாருக்கும் டெண்டர் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. அங்கே வடக்கே ஒரு இயற்கைப் பாறைத் திட்டு இருப்பது பெரிய வசதி. மணல் அதன்மேல் வழிந்து, அமைதியான ஓரிடத்தில் வந்து சேருகிறது. டிரெட்ஜர் அலையில் மாட்டாமல் அள்ளுகிறது.

வட கரோலினாவின் டேர் கவுண்டி (அங்கே மாவட்ட அளவிலான உள்ளாட்சி) வேறு மாதிரி செய்தது. ஓரிகன் முகத்துவாரத்துக்கு மத்திய அரசின் கப்பல்களை நம்பிக் காத்திருந்து அலுத்து, மாநிலப் பண உதவியோடு ஒரு தனியார் கூட்டாளியைச் சேர்த்து, குறைந்த ஆழத்தில் ஓடும் ‘மிஸ் கேட்டி’ என்ற ஹாப்பரைக் கட்டிக்கொண்டது. 2022இல் கப்பல் வந்தது. ஓட்டுவது தனியார், எப்போது எங்கே என்பதை முடிவு செய்வதில் கவுண்டிக்குக் கை இருக்கிறது.

எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு பிடித்திருக்கிறது, ஏனென்றால் உள்ளாட்சி கப்பல் வாங்கினால் என்ன ஆகும் என்பது பலரும் அறிந்த கதை. வாங்க மானியம் கிடைக்கும். பம்பின் உள் உறை மணலில் தேய்ந்துபோனால் மாற்ற மானியம் கிடைக்காது. டிரெட்ஜ் இயக்கத் தெரிந்தவருக்கு உள்ளாட்சிச் சம்பள விகிதத்தில் இடம் இருக்காது. ஆண்டில் போதிய நாள் ஓட்ட வேலை இல்லையென்றால் கப்பல் துருப்பிடிக்கும். ஒரே முகத்துவாரம், அதிலும் குறைந்த மணல் என்றால் சொந்தக் கப்பல் ஆசையை விட்டுவிடலாம்.

கல்சுவர் கட்டினால்

வாயின் இரு பக்கமும் கருங்கல் சுவர் நீட்டினால் இரண்டு நன்மை. ஓட்டம் குறுகி வேகம் பிடித்து மணலை வெளியே தள்ளும். கரையோரமாக வரும் மணலும் சுவரில் தடுக்கி நிற்கும். படகுகளுக்கு உடனே நிம்மதி. மக்கள் பார்க்கும்படியான வேலை, திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டும் பதிக்கலாம்.

விலையை மறுபக்கத்துக் கரை கொடுக்கும். மேரிலாந்தில் 1933 ஆகஸ்ட் புயல் ஓஷன் சிட்டியின் தெற்கே தீவை உடைத்து ஒரு வாயைத் திறந்தது. இலவசமாகக் கிடைத்த துறைமுகம் என்று 1934–35இல் சுவர் எழுப்பி நிலைநிறுத்தினார்கள். வடக்கிலிருந்து வந்த மணல் சுவரில் நின்றது. தெற்கே அசட்டீக் தீவின் வடமுனை பட்டினி கிடந்து, நிலப்பக்கமாக நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்துபோனது. 2004 முதல் ஆண்டுக்கு இருமுறை சிறு ஹாப்பர் டிரெட்ஜர் வைத்து மணலைத் தீவின் கரையோரக் கடலில் கொட்டுகிறார்கள். எழுபது ஆண்டுக் கடனுக்கு இப்போது தவணை கட்டுகிறார்கள்.

புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. தெற்கே சேரும் மணலை பம்ப் செய்து வடக்கே அனுப்ப வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நகரத்தின் கடற்கரை போய், கற்குவியல் மிஞ்சியது. அரிப்பைத் தடுக்க வடக்கே கல் போட, அதற்கும் வடக்கே அரிப்பு நகர்ந்தது. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்ட எந்த ஊருக்கும் அடுத்த ஊரைக் கேட்டுப் பாருங்கள், இதே கதையைச் சொல்வார்கள். 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் ஒரு தாழ்சுவர் அமைத்து, மணலை நிறுத்தியது. நகரக் கரையில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

சுவர் வேண்டாம் என்று சொன்ன இடமும் உண்டு. அதே ஓரிகன் முகத்துவாரத்துக்கு இரட்டைச் சுவர் கட்ட 1970இலேயே அமெரிக்க காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. முப்பது ஆண்டுக்கு மேல் வாதாடி, 2003இல் மத்திய அரசு அதைக் கைவிட்டது. டேர் கவுண்டிக்குக் கப்பல் தேவைப்பட்டதன் பின்னணி இதுதான்.

சுவரோடு பம்ப்

சுவர் தடுக்கும் மணலைக் குழாய் வழியே மறுபக்கம் அனுப்பும் நிலையான பம்ப் நிலையம் சுவரின் பாவத்துக்குச் சரியான பரிகாரம். புதிய யோசனையும் இல்லை. ஃபுளோரிடாவின் சவுத் லேக் வொர்த் முகத்துவாரம் 1927இல் வெட்டப்பட்டது. தெற்குக் கரை அரிக்கவே 1937இல் அங்கே பம்ப் நிலையம் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் தட்டுப்பாட்டில் அது நின்றது. போர் முடிந்ததும் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இப்போதுள்ள முறையில் கடலுக்குள் ஒரு நீண்ட மேடை கட்டி, அதன் கீழே வரிசையாக ஜெட் பம்புகளை மணலுக்குள் புதைக்கிறார்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ந்து மணலைக் கிளப்பி உறிஞ்சுகிறது. ஒவ்வொரு பம்பைச் சுற்றியும் ஒரு குழி விழும். குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரையிலிருந்து கடலுக்குள் ஒரு பள்ளமாகும். வருகிற மணல் அதில் விழும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 1986இல் இப்படி ஒன்று வந்தது. அதற்குத் தெற்கே ட்வீட் ஆற்று வாயில் 2001இல் இன்னொன்று.

ட்வீட் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஆற்றுச் சுவர்களை நீட்டினார்கள். சுவர் நின்றது நியூ சவுத் வேல்ஸில், கரை அரித்தது எல்லைக்கு அப்பால் குயின்ஸ்லாந்தில். 1967 புயல்களில் வடக்குக் கடற்கரைகள் அடிவாங்கின. இரண்டு மாநிலங்களும் பேசி முடித்து ஒப்பந்தத்தைச் சட்டமாக்க 1990களின் நடுப்பகுதி ஆனது. பம்ப் ஓடத் தொடங்கியதும் ஆண்டுக்குச் சராசரி 5 லட்சம் கன மீட்டர் போன்ற அளவில் மணல் தாண்டத் தொடங்கியது. வந்த வேகத்தில் கிர்ரா கடற்கரை அளவுக்கு மீறி அகன்றது. மணல் போதவில்லை என்று கத்தியவர்கள் மணல் அதிகம் என்று கத்தினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் பழைய பாக்கியைச் சேர்த்துக் கொடுத்ததால் வந்த நிலை அது. பிறகு அளவைக் குறைத்து, இயற்கை ஓட்டத்தோடு பொருத்தினார்கள். வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடிந்ததே பம்பின் பெரிய பலம் என்பேன். சுவரை அப்படித் திருக முடியாது.

பலவீனத்தைக் காண டெலவேருக்குப் போக வேண்டும். இந்தியன் ரிவர் முகத்துவாரத்தில் 1990 முதல் கிரேனில் தொங்கும் ஒரு ஜெட் பம்ப் தெற்கிலிருந்து வடக்குக் கரைக்கு மணல் அனுப்பிவந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 75,000 கன மீட்டர்தான், பெரிய அளவு இல்லை. கருவிகள் பழசாகி, சில ஆண்டுகள் ஓடாமல் நின்றது. 2024 மார்ச்சில் வடக்குப் பக்க மணல்மேடு உடைந்தது, ஒட்டுப்போட்டார்கள், ஆகஸ்டில் மறுபடி உடைந்து, கடலோர நெடுஞ்சாலையில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த குளிர்காலத்தில் கோடிக்கணக்கான டாலரில் அவசரத் தூர்வாரல். இத்தனை ஆண்டு அந்தச் சிறிய பம்ப் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகு ஊருக்குத் தெரிந்தது.

மின்கட்டணம், குழாய்த் தேய்மானம், பம்பில் வந்து சிக்கும் மரக்கட்டைகள், கடற்பாசி, இருபது ஆண்டுக்குப் பின் முழுக் கருவி மாற்றம் எல்லாம் சேர்த்தால்தான் பம்பின் விலை. ஆண்டுக்கு இரண்டு மூன்று லட்சம் கன மீட்டருக்கு மேல் நிகர ஓட்டம், அதுவும் ஒரே திசையில், உள்ள இடத்தில் அது மற்ற வழிகளை வெல்லும். நிகரம் சிறிது, திசை அடிக்கடி மாறும் என்றால் நிலையான மேடை தப்பான பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் மாதங்கள் அதிகம்.

சுவரின் ஒரு பகுதியைத் தாழ்த்திவிட்டு, மணல் அதன்மேல் வழிந்து உள்ளே ஒரு குழியில் சேர, அங்கிருந்து அள்ளும் முறையும் உண்டு. ஹில்ஸ்போரோ பாறையைப் பார்த்துப் பிறந்த யோசனை. ஃபுளோரிடாவில் போன்ஸ் டி லியோன், ஈஸ்ட் பாஸ் இரண்டிலும் தாழ்வான பகுதியை 1980களில் அடைத்துவிட்டார்கள். குழியைக் காலத்தில் காலி செய்யாவிட்டால் மணல் நேரே வாய்க்காலில் வந்து விழும். இப்படி மணலைப் பிடித்துவைக்கும் குழி, அதாவது மணல் பொறி, நல்லதுதான், தனியாக நம்ப முடியாது.

வாயை இடம் மாற்றுவது

சுவர் இல்லாத முகத்துவாரம் மணல் ஓட்டத்தின் திசையில் மெல்ல நகரும். ஒரு நாள் யாருடைய கட்டடத்தின் அடியிலாவது வந்து நிற்கும். அப்போது கல் போட்டுத் தடுப்பதற்குப் பதில், வாயைப் பழைய இடத்தில் புதிதாக வெட்டி, நகர்ந்து வந்த வாயை அடைத்துவிடலாம். தென் கரோலினாவின் கேப்டன் சாம்ஸ் முகத்துவாரத்தை 1983, 1996, 2015 என்று மூன்று முறை இப்படி மாற்றினார்கள். வட கரோலினாவில் மேசன் முகத்துவாரத்தை 2002இல் நியூ ஹானோவர் கவுண்டி மாற்றியது; பயன் பெற்ற சொத்துக்காரர்கள் மேலேயே தனி வரி போட்டுச் செலவை வாங்கியது. நேர்மையான ஏற்பாடு.

ஒடிசாவில் சிலிகா ஏரிக்கு 2000 செப்டம்பரில் புது வாய் வெட்டியதன் நோக்கம் வேறு: நீண்டு தூர்ந்துபோன கால்வாயைச் சுருக்கி உப்பையும் மீனையும் மீட்பது. மீன்வளம் கூடியது, 2002இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சர் விருதும் கிடைத்தது. அந்தப் புது வாயும் சும்மா நிற்கவில்லை; வடக்கே நகரத் தொடங்கியது. நகரும் என்று தெரிந்தே, பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை பணம் ஒதுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு இது அழகான வழி. சுற்றிலும் வீடு கட்டிவிட்ட ஊருக்கு இனிமேல் கிடைக்காத வழியும்கூட.

அள்ளிய மணல் எங்கே போகிறது?

எந்த வழியை எடுத்தாலும் முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்வி. ஆழ்கடலில் கொண்டுபோய்க் கொட்டினால் அந்த மணல் கரைக்குத் திரும்பாது. மலிவாக முடியும், மறுபக்கத்து ஊர் அதற்கு வேறு கணக்கில் பணம் கட்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை தூர்வாரும்போது, சூழல் விதிக்கு உட்பட்ட ஆகக் குறைந்த செலவு வழிக்குத்தான் மத்தியப் பணம் என்பது அடிப்படை விதி. கரையில் போட வேண்டுமென்றால் கூடுதல் தொகையில் உள்ளூரும் பங்கு தர வேண்டும். ஃபுளோரிடா இதற்கு எதிராகச் சட்டமே வைத்திருக்கிறது: முகத்துவாரத்தில் எடுக்கும் கடற்கரைத் தரமுள்ள மணல், ஓட்டம் போகும் பக்கத்துக் கரைக்கே போக வேண்டும், வேறு எங்காவது போட்டால் அதே அளவு மணலை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து தர வேண்டும். கடலோர உள்ளாட்சி எதற்கும் நான் முதலில் பரிந்துரைக்கும் விதி இது. தீர்மானமாகவே போட்டுக்கொள்ளலாம்.

எல்லா மணலும் கரைக்கு ஆகாது. காயலின் உட்பக்கத்தில் சேறும் கழிவும் கலந்திருக்கும். அலையில் அது கரைந்து தண்ணீரைக் கலக்கும். மாதிரி எடுத்துப் பரிசோதிக்காமல் குழாயைத் திறந்துவிட்டு, கருப்புக் கடற்கரையைப் பார்த்து ஊர் கொதித்த பிறகு விளக்கம் கொடுப்பது வீண். ஆமை முட்டையிடும் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். வெளித்திட்டிலிருந்து அள்ளுவதிலும் நிதானம் வேண்டும். அது பார்க்க இலவச மணல் வங்கி மாதிரி தெரியும். ஆனால் அலையை முன்கூட்டியே உடைத்துக் கரையைக் காப்பதும், மணல் இயற்கையாக வாயைத் தாண்டிப் போகும் பாலமும் அதுதான். அடியோடு வழித்தால், அது மறுபடி நிரம்பும்வரை வருகிற மணலையெல்லாம் விழுங்கும்.

என் தேர்வு

சிறு காயல், புரூன் விடை 20க்குக் கீழே, மீன்பிடிப் படகுகள் கொஞ்சம்: பொக்லைனும் எழுதிவைத்த மட்டமும். சுவர் வேண்டாம்.

நடுத்தர வாய், நாள்தோறும் படகு, ஆண்டுக்கு 50,000 முதல் 1.5 லட்சம் கன மீட்டர் மணல் சேர்வது: உள்ளே ஒரு மணல் பொறி, இரண்டு மூன்று ஊர் சேர்ந்த பல ஆண்டு டிரெட்ஜர் ஒப்பந்தம், அல்லது டேர் கவுண்டி போலக் கூட்டுக் கப்பல். சுவர் ஏற்கனவே இருந்தால் இந்த வேலை கட்டாயம், விருப்பம் அல்ல. பெரும்பாலான ஊர்கள் இந்த வகையில்தான் விழும். என் ஓட்டும் இதற்குத்தான்.

பெரிய ஓட்டம், ஒரே திசை, பெரிய துறைமுகம்: சுவரும் பம்பும் சேர்த்து, ஒரே ஒப்பந்தத்தில், ஒரே நாளில் தொடங்கும்படி. சுவருக்கு இந்த ஆண்டு, பம்புக்கு அடுத்த கட்டத்தில் என்று யாராவது சொன்னால் அந்த அடுத்த கட்டம் வராது என்று வைத்துக்கொண்டு வாக்களியுங்கள்.

பணத்துக்கு, வாயின் பெயரிலேயே தனிக் கணக்கும் தனி வரியும் இருப்பது எல்லா வழிக்கும் உயிர். ஃபுளோரிடாவின் செபாஸ்டியன் முகத்துவார மாவட்டம் 1919இல் அப்படி உருவாகி இன்றும் நடக்கிறது. பொது நிதியிலிருந்து ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் தூர்வாரல், சாலைக் குழியோடும் தெருவிளக்கோடும் போட்டி போட்டு அதிக நாள் தாக்குப்பிடிக்காது.

கடைசியாக ஒப்பந்தத்தில் ஒரு வரி. பணம் கப்பலின் வயிற்று அளவுக்கோ லாரி நடைக்கோ அல்ல, தோண்டும் முன்பும் பின்பும் எடுத்த ஆழ அளவீட்டின் வித்தியாசத்துக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீரோடு சேர்ந்து உப்பிய மணலை வயிற்றிலும் லாரியிலும் அளந்தால் கணக்கு எப்போதும் கூடவே வரும். அளவீட்டை எடுப்பவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது. மறுகரையில் போட்ட மணலையும் அதே ஆள் அளக்கட்டும். இரண்டு எண்ணையும் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும்.